நாம் செய்யும் உதவி அடுத்தவரையும் செய்யத் தூண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறருக்கு உதவ வேண்டும் என்ற மனம் பெரும்பாலானோரிடம் இருக்கிறது. கூடவே தயக்கமும் இருக்கிறது. ‘நான் ஒருத்தி செய்து என்ன மாறிவிடும்?’, ‘தம்பட்டம் என்று நினைப்பார்களோ?’, ‘ஏமாந்துபோனால் என்ன செய்வது?’ தன்னார்வப் பணியில் புதிதாகச் சேர்பவர்கள், பெற்றோர், ஆசிரியர், அலுவலகத்தில் ஒரு குழுவை நடத்துபவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது: பார்ப்பவருக்கு ‘இதை நானும் செய்யலாமே’ என்று தோன்றினால்தான் ஒரு நல்ல செயல் அடுத்த கைக்குப் போகும்.

ஒருவர் செய்யும் உதவி மற்றவர்களையும் தொற்றிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். சோதனைக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள், வாழ்க்கையிலும் பார்த்திருக்கிறோம்.

ஜேம்ஸ் ஃபவுலர், நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து, பொதுவான நன்மைக்காகத் தங்கள் பணத்தில் எவ்வளவு தருவது என்று முடிவெடுக்கும் விளையாட்டைத்தான் அதில் ஆராய்ந்திருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் குழுவை மாற்றிவிடுவார்கள். ஒருமுறை சேர்ந்து ஆடியவரோடு மறுபடி ஆட முடியாது. அப்படியிருந்தும் ஒருவர் தாராளமாகக் கொடுத்தால், அவரோடு ஆடியவர் அடுத்த சுற்றில் வேறு ஆட்களிடம் கூடுதலாகக் கொடுத்தார். அந்தத் தாக்கம் மூன்று ஆள் தூரம் வரை போனது. முதல் ஆளை மூன்றாம் ஆள் பார்த்ததே இல்லை.

விளையாட்டு என்பதால் இதை அளவோடுதான் நம்ப வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது சிறுநீரகச் சங்கிலியின் கதை. நோயாளியின் மனைவியோ அண்ணனோ சிறுநீரகம் தர முன்வந்தும் அது பொருந்தாமல் போவது உண்டு. அப்போது அவர் முகம் தெரியாத வேறொரு நோயாளிக்குத் தருவார். பதிலுக்கு அவர் வீட்டு நோயாளிக்கு இன்னொருவரிடமிருந்து பொருந்திய சிறுநீரகம் வரும். இந்தத் தொடர் அசைய, எதையும் எதிர்பாராமல் முதலில் ஒருவர் கொடுக்க வேண்டும். 2011 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒருவர் அப்படிக் கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் சிகாகோவில் அந்தச் சங்கிலி முடிந்தபோது 17 மருத்துவமனைகள், 60 பேர், 30 சிறுநீரகங்கள் அதில் இணைந்திருந்தன. அந்த முதல் மனிதருக்கு யோசனை எங்கிருந்து வந்தது? அவர் யோகா பயிலப் போகும் இடத்தில் வரவேற்பு மேசையில் இருந்த பெண், தன் தோழிக்குச் சிறுநீரகம் கொடுத்ததைப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

பெரிய தியாகங்கள்தானே மனதைத் தொடும்? என் சின்ன உதவியைப் பார்த்து யார் மாறப்போகிறார்கள்?

பெரிய செயல் மனதைத் தொடும் என்பதில் சந்தேகமே இல்லை. பிறர் செய்த நல்லதைப் பார்க்கும்போது நெஞ்சில் ஒரு கதகதப்பு பரவி, நாமும் மேலான மனிதராக வேண்டும் என்று தோன்றுகிறதே, அந்த உணர்வை ஜானதன் ஹைட் என்ற உளவியலாளர் தனியாகவே ஆராய்ந்தார். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1771-லேயே ஒரு கடிதத்தில் இதே உணர்வை விவரித்திருக்கிறார். மனித மனம் அப்படிப்பட்டதுதான்.

ஆனால் நெஞ்சு நிறைவதும் கை நீள்வதும் ஒன்றல்ல. எட்டாத உயரத்தில் இருக்கும் செயலைப் பார்த்தால் கைதட்டுவோம், கண் கலங்குவோம், பிறகு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். எட்டும் உயரத்தில் இருப்பதைத்தான் பின்பற்றுகிறோம்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அலுவலகத்தில் வரிசையாக நாற்காலிகள், எல்லோர் கையிலும் படிவம். ஒரு மூதாட்டி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த இளைஞர் எழுந்து அவர் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “பாட்டி, நான் படிக்கிறேன், நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதை அப்படியே எழுதுறேன்” என்றார். படிவத்தை அவர் கையிலிருந்து பிடுங்கவில்லை; அவர் மடியிலேயே வைத்து, ஒவ்வொரு வரியாக விரலால் காட்டிப் படித்தார். ஓரிடத்தில் மூதாட்டி பிறந்த தேதியை மாற்றிச் சொல்லிவிட்டுத் திரும்பத் திருத்தினார். “பரவாயில்ல பாட்டி, இடம் இருக்கு” என்று பக்கத்தில் எழுதினார். கையெழுத்து போடும் இடம் வந்ததும் பேனாவை நீட்டி, “இது மட்டும் உங்க கையால” என்றார். பாட்டி நிதானமாக, அழுத்தி எழுதினார்.

கொஞ்ச நேரம் கழித்து எதிர் வரிசையில் ஒரு பெரியவர் அதே மாதிரித் தடுமாறினார். இப்போது எழுந்தது வேறு ஒரு பெண். அவரும் நாற்காலியில் உட்காரவில்லை, குத்துக்காலிட்டார். அவரும் வரி வரியாகப் படித்தார். உதவியை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை, உதவும் விதத்தையும் எடுத்துக்கொண்டார். யாரும் யாருக்கும் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. அந்த உதவி எல்லோர் கண்ணிலும் பட்டது, சில நிமிடங்களில் முடிந்தது, பணம் கேட்கவில்லை, எப்படிச் செய்வது என்பது பார்த்தாலே விளங்கியது. உதவி பெற்றவர் சிறுமைப்படவும் இல்லை. பரவக்கூடிய உதவிக்கு இவை போதும்.

ஆசை இருக்கிறது, நேரம்தான் இல்லை. என்ன செய்வது?

உங்கள் மனதைச் சந்தேகப்பட வேண்டாம், உங்கள் அவசரத்தைச் சந்தேகப்படுங்கள். 1973-ல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் உரையாற்றச் சொன்னார்கள். வழியில் ஒருவர் வாசலில் சரிந்து, இருமிக்கொண்டு கிடப்பார். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ‘நேரமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் நின்றார்கள். அவர்களில் சிலர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. அந்தத் தலைப்பால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் வரவில்லை.

எனக்கு இந்தச் சோதனை மிகவும் முக்கியமானது. இரக்கம் இல்லாதவர் என்று நாம் முத்திரை குத்தும் பலர், நேரத்துக்கு ஓடிக்கொண்டிருப்பவர்கள். ஆகவே நான் முதலில் சொல்லும் யோசனை கொஞ்சம் சப்பென்று இருக்கும்: பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். இரண்டு வேலைகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். உங்களிடம் வேலை பார்ப்பவர்கள் அன்பாக இருக்க வேண்டும் என்று விரும்பினால், அவர்கள் மூச்சுவிடக்கூட நேரமில்லாத அட்டவணையைப் போடாதீர்கள்.

கூட்டத்தில் யாருமே அசையவில்லை என்றால் நான் மட்டும் முன்னால் போவது சங்கடமாக இருக்கிறதே?

எல்லோருக்கும் அந்தச் சங்கடம்தான். 1968-ல் டார்லியும் பிப் லத்தானேயும் நடத்திய சோதனையில், பக்கத்து அறையில் இருப்பவருக்கு வலிப்பு வந்ததைப் போன்ற குரல் இன்டர்காம் வழியாகக் கேட்கும். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், வலிப்பு ஓய்வதற்குள்ளேயே உதவி தேடிப் போனார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது அது 31 ஆகக் குறைந்தது. போகாதவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. ஆய்வாளர் உள்ளே வந்தபோது பலருக்குக் கை நடுங்கியது, ‘அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?’ என்று கேட்டார்கள்.

நீங்கள் ஓர் அடி எடுத்துவைத்தால் மற்றவர்களின் தயக்கமும் உடையும். பொதுவாக “யாராவது வாங்களேன்” என்று கூப்பிடாமல், ஒருவரைக் காட்டிச் சொல்லுங்கள்: “நீலச் சட்டை போட்ட தம்பி, நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. அக்கா, நீங்க இவங்க தலையைக் கொஞ்சம் தாங்கிப் பிடிங்க.” வேலை இன்னதென்று தெரிந்துவிட்டால் பெரும்பாலானோர் ஓடிவருவார்கள்.

பணம் இல்லாதவர் எதைக் கொடுப்பது?

கேட்கும் காதைக் கொடுக்கலாம். தெரிந்த தொழிலைச் சொல்லிக்கொடுக்கலாம். கூட்டத்தில் ஒருவரின் உழைப்பை அவர் பெயர் சொல்லிப் பாராட்டலாம். அவர் அங்கே இல்லாதபோது சொன்னால் இன்னும் நல்லது. புதிதாக வந்தவரைத் தனியே உட்காரவிடாமல் பக்கத்தில் போய் உட்காரலாம். இவற்றைப் பணத்துக்கு மாற்று என்று நினைக்காதீர்கள். பணம் உள்ளவரும் இவற்றைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும்.

உதவி பெற்றவர் திருப்பிச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா?

எனக்குத் திருப்பிச் செய் என்று எதிர்பார்த்தால் அது கடன். இன்னொருவருக்குச் செய் என்று கேட்டுக்கொள்வதில் தவறே இல்லை. அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784 ஏப்ரலில், பண நெருக்கடியில் இருந்த ஒருவருக்குப் பத்து பொற்காசுகள் அனுப்பினார். ‘இதைத் தானமாகத் தரவில்லை, கடனாகத்தான் தருகிறேன். உங்களைப் போலவே கஷ்டத்தில் இருக்கும் நேர்மையான ஒருவரைச் சந்திக்கும்போது இதை அவருக்குக் கொடுத்தால் எனக்குத் தர வேண்டிய கடன் தீர்ந்தது. அவரிடமும் இதையே சொல்லுங்கள்’ என்று எழுதினார். குறைந்த பணத்தில் நிறைய நல்லது நடக்கத் தான் கையாளும் உத்தி இது என்பதையும் மறைக்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது, வாங்கியவரின் தலை நிமிர்ந்தே இருக்கிறது என்பதுதான். வாங்கும்போதே அவரும் கொடுப்பவராகிவிடுகிறார்.

செய்த உதவியை வெளியே சொல்லலாமா? தம்பட்டம் ஆகிவிடாதா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு ஒரே வரியில் பதில் இல்லை.

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில், நிக்கலஸ் விண்டன் என்ற ஆங்கிலேயர் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரிலிருந்து 669 குழந்தைகள் நாஜிகளிடமிருந்து பிரிட்டனுக்குத் தப்பிவர ஏற்பாடு செய்தார். பெரும்பாலும் யூதக் குழந்தைகள். 1988-ல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றில் வெளிவரும் வரை உலகத்துக்கு அது ஏறக்குறைய தெரியாது. அவர் மௌனம் மதிக்கத்தக்கது. ஆனால் வெளியே தெரிந்த பிறகுதான் காப்பாற்றப்பட்டவர்கள் பலருக்குத் தாங்கள் எப்படி உயிர் பிழைத்தோம் என்பதே புரிந்தது. அகதிக் குழந்தைகளுக்காக உழைக்கும் எத்தனையோ பேருக்கு அந்தக் கதை ஊக்கமும் ஆனது. அவரோ, பிராக்கில் ஆபத்தோடு நின்று வேலை செய்த டோரீன் வாரினர், ட்ரெவர் சாட்விக் போன்றவர்களைத்தான் எடுத்துச் சொன்னார்.

ஆகவே சொல்லலாம். சொல்லும்போது எப்படிச் செய்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள், கேட்பவர் செய்ய விரும்பினால் யாரை அணுக வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். கூட உழைத்தவர்களின் பெயர் முதலில் வரட்டும். ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: உதவி பெற்றவரின் முகத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள். அவர் சம்மதித்தார் என்பார்கள். கையில் பொருளை நீட்டிக்கொண்டே கேட்டால் யாரால் மறுக்க முடியும்? அந்தப் படத்தை அவர் பிள்ளை பார்ப்பான், பிள்ளையின் நண்பர்கள் பார்ப்பார்கள்.

எனக்குக் கொடுக்கத் தெரியும், வாங்கத்தான் கூச்சம். அதில் என்ன தவறு?

நீங்கள் எப்போதும் கொடுப்பவராகவே இருந்தால், சுற்றியிருப்பவர்கள் எப்போதும் வாங்குபவர்களாகவே இருந்தாக வேண்டும். அது அவர்களுக்குப் பாரம். ‘எனக்கு உன் உதவி வேண்டும்’ என்று கேட்பது, எதிரில் இருப்பவரை உயர்த்தி வைப்பது. நன்றாக உதவுகிற பலர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். பிறகு ‘என்னைப் பார்த்தும் யாரும் கற்றுக்கொள்ளவில்லையே’ என்று வருந்துகிறார்கள்.

கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்ற பயமும் பெரும்பாலும் வீண். ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெஸா லேக் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் சிறு உதவிகள் கேட்டு வரச் சொன்னார்கள். எத்தனை பேரைக் கேட்டால் வேலை முடியும் என்று கிளம்பும்போது கணித்தார்களோ, ஏறக்குறைய அதில் பாதிப் பேரைக் கேட்டதுமே முடிந்துவிட்டது.

வாங்கியவர் எவ்வளவு பெரிய கொடையாளி ஆகலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் இருக்கிறார். 1951-ல், 14 வயதில், மார்பில் பெரிய அறுவை சிகிச்சை. முகம் தெரியாதவர்கள் கொடுத்த இரத்தத்தால் பிழைத்தார். வயது வந்ததும் நானும் கொடுப்பேன் என்று அப்போதே சொன்னார், 1954-ல் தொடங்கினார். அவர் இரத்தத்தில் ஓர் அரிய எதிர்ப்பொருள் இருப்பது பிறகு தெரியவந்தது. தாயின் இரத்தம் ஆர்எச் நெகட்டிவாகவும் வயிற்றில் உள்ள குழந்தையின் இரத்தம் பாசிட்டிவாகவும் இருந்தால், தாயின் உடலே குழந்தையின் இரத்த அணுக்களைத் தாக்கக்கூடும். அதைத் தடுக்கும் ஊசி மருந்தைத் தயாரிக்க அந்த எதிர்ப்பொருள் உதவியது. 2018-ல், 81 வயதில் நிறுத்தும் வரை 1,173 முறை கொடுத்தார். சுமார் 24 லட்சம் குழந்தைகளுக்கு அது பயன்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். ஊசி ஏறும்போது ஒருமுறைகூட அதைப் பார்க்கமாட்டாராம், அவ்வளவு பயம். 2025-ல் காலமானார்.

நன்றி சொல்லவும் பாராட்டவும் வாய் வரவில்லை. செயற்கையாகத் தோன்றுமோ?

அமித் குமார், நிக்கலஸ் எப்ளி 2018-ல் வெளியிட்ட ஆய்வில் சிலரை நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்கள், வாங்குபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று மிகையாக நினைத்தார்கள்; அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைத்து மதிப்பிட்டார்கள். எழுத்து நடை சரியாக இருக்கிறதா என்ற கவலை எழுதியவருக்குத்தான். வாங்கியவர் பார்த்தது அதிலிருந்த அன்பை.

எழுதும்போது பொத்தாம்பொதுவாக ‘உங்கள் உதவிக்கு நன்றி’ என்று நிறுத்தாதீர்கள். அவர் செய்தது என்ன, அதனால் உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். தான் செய்ததன் பலனைத் தெரிந்துகொண்டவர் மறுபடி செய்வார்.

குழந்தைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

அவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 2006-ல் காட்டியது: 18 மாதக் குழந்தைகள், பெரியவர் கை தவறிப் போட்ட பொருளை எட்ட முடியாமல் தவிக்கும்போது, யாரும் சொல்லாமலே எடுத்துக் கொடுத்தார்கள். 2008-ல் இன்னொன்றும் காட்டினார்கள். உதவியதற்குப் பரிசுப் பொருள் வாங்கிப் பழகிய 20 மாதக் குழந்தைகள், பிறகு பரிசு இல்லாதபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள்.

ஆகவே உதவிக்கு விலை வைக்காதீர்கள். “நீ எடுத்துக் கொடுத்ததால அவங்க எவ்வளவு நிம்மதியா போறாங்க பாரு” என்று காட்டினால் போதும். பிள்ளையிடம் கேட்காமல் அவன் பொம்மையைப் பிடுங்கி இன்னொரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, ‘பகிர்ந்துக்கணும்’ என்று சொல்வதும் வேண்டாம். அங்கே அவன் பார்ப்பது பிடுங்குவதைத்தான்.

நான் நல்லது செய்தால் சிலர் எரிச்சல்படுகிறார்களே, ஏன்?

நடக்கும். கிரெய்க் பார்க்ஸ், அசாகோ ஸ்டோன் 2010-ல் வெளியிட்ட சோதனைகளில், குழுவுக்கு நிறையக் கொடுத்து மிகக் குறைவாக எடுத்துக்கொண்டவரையும் வெளியேற்றிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். அவர் பக்கத்தில் தாங்கள் குறைந்து தெரிவதும், அவர் வழக்கத்தை மீறுவதாகத் தோன்றுவதும் காரணங்கள். எரிச்சல்படுபவரைக் கெட்டவர் என்று ஒதுக்க வேண்டாம். அவருக்கும் அந்த வேலையில் ஒரு பங்கு கொடுங்கள், அவர் யோசனையைக் கேளுங்கள். வாயால் உபதேசம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஏமாற்றிவிட்டால்?

இழந்தாலும் தாங்கக்கூடிய அளவு எது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, அதற்குள் கொடுங்கள். அதைத் தாண்டும்போது விசாரித்துக் கொடுங்கள். ஒருவர் ஏமாற்றினால் அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவருக்கு அடுத்து வருபவரிடம் அந்தக் கணக்கைத் தீர்க்காதீர்கள். முடியாதபோது “என்னால இப்ப முடியாது” என்று முகம் பார்த்துச் சொல்வதும் மரியாதைதான். இழுத்தடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

செய்து செய்து சோர்ந்துவிட்டேன். நிறுத்தலாமா?

நிறுத்துங்கள், ஓய்வெடுங்கள். குறிப்பாக நோயாளியைப் பராமரிப்பவர்கள் இதைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் செய்ய வேண்டும். உங்கள் வேலையை யாரிடமாவது ஒப்படையுங்கள். அவர் உங்களைவிடக் கொஞ்சம் சுமாராகத்தான் செய்வார், செய்யட்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஏற்கெனவே போய்வரும் இடத்திலிருந்து. தினமும் பார்க்கும் ஒருவருக்கு எது சிரமமாக இருக்கிறது என்று கவனியுங்கள். தெரியவில்லை என்றால் அவரிடமே கேளுங்கள். திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். இரத்ததானமோ, பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதித் தருவதோ, முதியோரைப் போய்ப் பார்ப்பதோ, எதுவானாலும் இரண்டாம் முறை போகும்போது ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். “சும்மா வா, பாரு” என்று மட்டும் சொல்லுங்கள். அங்கே போனதும் அவருக்கு ஒரு சிறு வேலையைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.